போராட்டத்துல நின்னதுக்கு எஃப்.ஐ.ஆர், அதனால பாஸ்போர்ட் "அட்வர்ஸ்": மாட்டிக்கிட்டவங்களுக்காக

பாஸ்போர்ட் ஒருவழியா கைக்கு வந்துடுச்சு, எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கல. இதே மாதிரி மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்க நிறைய பேர் இருப்பீங்கன்னு தெரியும், அதான் எழுதுறேன். ரினியூவல் அப்ளை பண்ணது, பாஸ்போர்ட் சேவா கேந்திரா (பி.எஸ்.கே) போய் போட்டோ, கைரேகை குடுத்தது எல்லாம் பிரச்சினையே இல்ல. அதுக்கப்புறம் ஸ்டேட்டஸ்ல போலீஸ் ரிப்போர்ட் அட்வர்ஸ்னு, அதாவது பாதகம்னு வந்துச்சு பாருங்க, அங்க ஆரம்பிச்சுது.

2020 பிப்ரவரி, குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு (சி.ஏ.ஏ) எதிர்ப்புப் போராட்டம் ஊர் ஊரா நடந்த நேரம். நானும் போய் நின்னேன், மத்தியானம் எல்லாரையும் பஸ்ல ஏத்தி ஒரு கல்யாண மண்டபத்துல உக்கார வச்சாங்க. ஒரு போலீஸ்காரர் நீள நோட்டோட வரிசையா வந்து பேரு, அப்பா பேரு, வயசு, தொழில், போன் நம்பர்னு எழுதிக்கிட்டே போனார், லெமன் சாதம் பொட்டலம் குடுத்தாங்க, சாயங்காலம் வீட்டுக்குப் போங்கன்னுட்டாங்க. அவ்ளோதான் நடந்துச்சு. அந்த நோட்டு அப்படியே எஃப்.ஐ.ஆரா மாறி ஐ.பி.சி 143 (சட்டவிரோதமா கூடினது), 188 (அரசு உத்தரவை மீறினது), 341 (வழி மறிச்சது) போட்டு உக்காந்திருக்குன்னு எங்க யாருக்கும் ஒரு சம்மனோ நோட்டீஸோ வரல.

இதுல காமெடி என்னன்னா 2021 பிப்ரவரியில அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி கடையநல்லூர்ல பேசும்போது, வன்முறை இல்லாத சி.ஏ.ஏ போராட்ட வழக்குகள் சுமார் 1,500 வாபஸ்னு அறிவிச்சார், அதே வருஷம் ஆட்சி மாறினப்புறம் புது அரசும் போராட்ட வழக்குகள் வாபஸ்னு சட்டசபையில சொல்லுச்சு. ரெண்டு ஆட்சி வாபஸ் வாங்கின கேஸு ஸ்டேஷன் கம்ப்யூட்டர்ல மட்டும் அப்படியே உயிரோட இருக்கு! டிவியில வர்றது வேற, அது அரசாணை (ஜி.ஓ) ஆகி, எஸ்.பி ஆபீஸ் வழியா ஸ்டேஷனுக்கு இறங்கி, யாரோ ஒருத்தர் உக்காந்து ரிப்போர்ட் எழுதி கோர்ட்ல தாக்கல் பண்றது வேற. எங்க கேஸுல அந்த "யாரோ ஒருத்தர்" மாறுதலாகிப் போயிட்டாராம்.

ஸ்டேஷன்ல எழுத்து வேலை பாக்கற ரைட்டர் நல்ல மனுஷன்தான், ஒளிவு மறைவில்லாம சொன்னார். "தம்பி, கேஸ் இருக்குன்னு சிஸ்டம் காட்டுது, நான் ஒண்ணுமில்லன்னு எழுதி, நாளைக்கு நீ வெளியூர்ல போய் ஏதாவது பண்ணிட்டா மெமோ எனக்குத்தான் வரும்." தேசப் பாதுகாப்புன்னு மேல பெரிய வார்த்தையா சொல்றாங்களே, அது கீழ வந்து சேரும்போது மெமோ பயமாத்தான் சேருது.

அடுத்து பாஸ்போர்ட் ஆபீஸ் கடிதம், விளக்கம் குடுன்னு. நேர்ல போனா கவுண்டர்ல இருந்தவர் நிமிர்ந்து கூட பாக்காம "உண்மையை மறைச்சிருக்கீங்க, சப்ரஷன், ஃபைன் வரும்"ங்கிறார். ஃபார்ம்ல கேள்வி என்ன? கிரிமினல் கோர்ட்ல வழக்கு நிலுவையில இருக்கான்னு. இல்லன்னு போட்டேன், ஏன்னா கோர்ட்டுக்கே அது போகல. எந்த பிரிவுல நிறுத்தி வச்சிருக்கீங்கன்னு எழுத்துல குடுங்க சார்னு கேட்டேன், "செக்யூரிட்டி மேட்டர், காரணமெல்லாம் சொல்ல முடியாது"ன்னுட்டார்.

இந்த இடத்துல பயந்து திரும்பி வந்துடாதீங்க. 1967 பாஸ்போர்ட் சட்டம் 5(3) என்ன சொல்லுதுன்னா, மறுத்தா காரணத்தை எழுதி வைக்கணும், கேட்டா நகல் குடுக்கணும். நாட்டுப் பாதுகாப்பு, இறையாண்மை மாதிரி விஷயம்னா நகல் தர மறுக்கலாம்னு விதிவிலக்கு இருக்கறது உண்மைதான், ஆனா அந்த முடிவை எடுக்க வேண்டியவர் பாஸ்போர்ட் அதிகாரி, கவுண்டர்காரர் கிடையாது. 1977ல மேனகா காந்தி பாஸ்போர்ட்டை முடக்கிட்டு பொதுநலன் கருதி காரணம் சொல்ல மாட்டோம்னாங்க, 1978 ஜனவரி 25ல உச்சநீதிமன்றத்தோட ஏழு நீதிபதிகள் அமர்வு வெளிநாடு போற உரிமையைப் பறிக்கணும்னா நியாயமான நடைமுறை வேணும்னு தீர்ப்பு சொல்லுச்சு. அவ்ளோ பெரிய தீர்ப்பு வந்து இத்தன வருஷம் கழிச்சும் கவுண்டர்ல அதே பதில்தான் கிடைக்குது.

எனக்கு ஆணி அடிச்சாப்ல வேலை செஞ்ச பேப்பர் வெளியுறவுத்துறையோட 2019 அக்டோபர் 10 தேதியிட்ட அலுவலகக் குறிப்பு. வெறும் எஃப்.ஐ.ஆர், விசாரணையில இருக்கற கேஸ் இதெல்லாம் கோர்ட்ல கிரிமினல் வழக்கு நிலுவையில இருந்தா பாஸ்போர்ட் மறுக்கலாம்ங்கற 6(2)(எஃப்) பிரிவுக்குள்ள வராது, கோர்ட் காக்னிசன்ஸ் எடுத்தாத்தான், அதாவது வழக்கை விசாரணைக்கு ஏத்துக்கிட்டாத்தான் நிலுவைன்னு அதுல தெளிவா இருக்கு. பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க, போன்ல காட்டினா பாக்க மாட்டாங்க.

சரி, கோர்ட்டுக்குப் போகலன்னு எப்படி நிரூபிக்கறது? முதல்ல ஆர்.டி.ஐ போட்டேன், எஃப்.ஐ.ஆர் என்ன கட்டத்துல இருக்குன்னு ஒரே கேள்வி. விசாரணை பாதிக்கும்னு ஆர்.டி.ஐ சட்டத்தோட 8(1)(எச்) பிரிவைப் போட்டு திருப்பி அனுப்பிட்டாங்க. வருஷக்கணக்கா யாரும் தொடாத ஃபைலுக்கு என்ன விசாரணை பாதிக்கும்னு எனக்குப் புரியல. கியூ பிராஞ்ச் மாதிரி உளவுப் பிரிவுக்கெல்லாம் போட்டு நேரத்தை வீணாக்காதீங்க, தமிழ்நாட்டுல அவங்களுக்கு அதே சட்டத்தோட 24(4)ல விலக்கு இருக்கு.

வேலைக்கு ஆனது தெரிஞ்ச வக்கீல் அண்ணன் சொன்ன வழி. போலீஸ் சிட்டிசன் போர்ட்டல்ல எஃப்.ஐ.ஆர் இறக்கிக்கோ, அந்த எல்லைக்குட்பட்ட மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல குற்றப்பத்திரிகை நகல் வேணும்னு காப்பி அப்ளிகேஷன் போடுன்னார். இல்லாத ஒண்ணுக்கு எதுக்குண்ணா மனுன்னேன், "போடுடா, சொல்றேன்"னார். மனு "இறுதி அறிக்கை தாக்கலாகவில்லை"ன்னு எழுதி, சீல் வச்சுத் திரும்ப வந்துச்சு. இறுதி அறிக்கைன்னா குற்றப்பத்திரிகைதான், கேஸ் கோர்ட்டுக்கே போகலன்னு சொல்ற அந்த ஒரு வரிதான் எனக்குத் தங்கம்.

விளக்கக் கடிதத்துல இன்னும் ரெண்டு சேத்தேன். 188க்கு போலீஸ் தானா எஃப்.ஐ.ஆர் போட முடியாதுன்னு 2018 செப்டம்பர்ல சென்னை உயர்நீதிமன்றம் ஜீவானந்தம் வழக்குல சொல்லியிருக்கு. அப்புறம் ஒரு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள குற்றத்துக்கு ஒரு வருஷத்துக்குள்ள கோர்ட்ல வழக்கைத் தாக்கல் பண்ணியாகணும், இல்லன்னா கோர்ட் காக்னிசன்ஸ் எடுக்கக் கூடாது, பழைய சி.ஆர்.பி.சி 468. எங்க கேஸ் அந்தக் கெடுவை எப்பவோ தாண்டிடுச்சு.

மறுபடி அந்த ஆபீஸ் போனப்ப கவுண்டரைத் தாண்டி சூப்பிரண்டென்ட்கிட்ட விட்டாங்க, அந்தம்மா குறிப்பை ரெண்டு தடவை படிச்சிட்டு "இது ஏன் எங்களுக்கு வந்துச்சு"ன்னு கேட்டுட்டு ரீ-வெரிஃபிகேஷன் போட்டாங்க. அதைக் காட்டினதும் ரைட்டரும் கேஸை "ஆக்‌ஷன் டிராப்டு"ன்னு, அதாவது மேல் நடவடிக்கை கைவிட்டாச்சுன்னு முடிச்சு கோர்ட்டுக்கு அனுப்பிட்டார். அப்புறம் ஸ்பீட் போஸ்ட்.

சார்ஜ் ஷீட் (குற்றப்பத்திரிகை) ஏற்கெனவே கோர்ட்ல ஏத்துக்கிட்டு நம்பர் ஆயிடுச்சுன்னா உங்க வழி வேற. 1993 ஆகஸ்ட் 25 அறிவிக்கை ஜி.எஸ்.ஆர் 570படி கோர்ட்ல அனுமதி ஆர்டர் வாங்கணும், அதுல எத்தனை வருஷத்துக்குன்னு தெளிவா எழுதச் சொல்லுங்க, எதுவும் எழுதலன்னா ஒரு வருஷ பாஸ்போர்ட்தான் தருவாங்க. யு.ஏ.பி.ஏ (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) மாதிரி கேஸுன்னா நான் எழுதினதை நம்பி இறங்காதீங்க, நல்ல வக்கீலைப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. கேஸை முடிக்கிற நோட்டீஸ் புகார்தாரருக்குத்தான் போகும், இந்த மாதிரி கேஸுல புகார்தாரரே எஸ்.ஐ, நமக்கு ஒரு பேப்பரும் வராது. கோர்ட்ல சான்று நகல் போட்டு வாங்கி வச்சுக்கோங்க, விசாவுக்கு போலீஸ் கிளியரன்ஸ் சான்று (பி.சி.சி) கேக்கும்போது இதே கூத்து திரும்ப வர வாய்ப்பிருக்கு. வாங்கின நகலை லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க, அட்டெஸ்டேஷனுக்குத் தொடக்கூட மாட்டாங்க.