பிளாஸ்டோசயனின் மாதிரி: ஒரு வளையத்தைச் சுழலவிட்ட கதை

தாமிரம் உட்கார்ந்திருக்கும் செயல்மையம் ஒன்றை, அதாவது நொதியில் வேலை நடக்கும் இடத்தை, மாதிரியாகச் செய்து கையில் வைத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. திரையில் எவ்வளவு சுழற்றினாலும் ஆழம் பிடிபடவில்லை. முதல் முயற்சிக்குப் பாப்லர் மரத்தின் பிளாஸ்டோசயனின் என்ற புரதத்தை எடுத்துக்கொண்டேன். கறாராகச் சொன்னால் அது நொதியே இல்லை. ஒளிச்சேர்க்கையில் சைட்டோகுரோம் எஃப் என்ற புரதத்திடம் எலக்ட்ரானை வாங்கி, ஒளியமைப்பு 1 என்ற புரதத் தொகுதிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் தூதுவன், அவ்வளவுதான். ஆனால் 99 அமினோ அமிலம், ஒரே ஒரு தாமிர அணு. கைக்கு அடக்கமான வேலை.

புரத அமைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் புரோட்டீன் டேட்டா பேங்கிலிருந்து 1பிஎல்சி என்ற கோப்பை இறக்கினேன். 1.33 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) துல்லியத்தில் எடுத்த அமைப்பு. ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு 2 செ.மீ. என்று அளவு வைத்துக்கொண்டு, மூலக்கூறுகளைத் திரையில் காட்டும் பைமோல் மென்பொருளில் தூரம் எடுக்க உட்கார்ந்தேன். முதல் அளவே உதைத்தது. ஹிஸ்டிடின் 87-இன் (சங்கிலியில் 87-ஆவது இடத்தில் உள்ள அமினோ அமிலம்) நைட்ரஜனிலிருந்து தாமிரத்துக்கு 4 ஆங்ஸ்ட்ராமுக்குப் பக்கமாக வந்தது. பிணைப்பே இல்லையோ என்று அரை நாள் குழம்பினேன். அப்புறம்தான் உறைத்தது: ஹிஸ்டிடின் வளையத்தில் நைட்ரஜன் இரண்டு. நான் தொட்டது வெளிக்கோடியில் உள்ள என்ஈ2. இந்தப் புரதத்தில் தாமிரத்தைப் பிடித்திருப்பது தண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என்டி1. அதை எடுத்ததும் 2.1 வந்தது.

சரி, குச்சிகளை வெட்டினேன். ஹிஸ்டிடின் 37-க்கு 3.8 செ.மீ., ஹிஸ்டிடின் 87-க்கும் சிஸ்டீன் 84-இன் கந்தகத்துக்கும் 4.2 செ.மீ., மெத்தியோனின் 92-இன் கந்தகத்துக்கு 5.6 செ.மீ. நான்கையும் தாமிரத்துக்காக வைத்த மரமணியில் செருகினால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. வெட்டியதில்தான் பிழை என்று நினைத்து மறுபடி அளந்தேன். பிழை இல்லை, அமைப்பே அப்படித்தான். மூன்று குச்சிகள் கிட்டத்தட்ட ஒரே தளத்தில் நிற்க, மெத்தியோனின் மட்டும் தள்ளி நின்று ஒப்புக்குக் கை கொடுக்கிறது.

இந்தக் கோணலில்தான் விஷயமே இருக்கிறது. தாமிரம் இரண்டு நேர்மின்சுமையோடு இருக்கும்போது தட்டையான சதுரத்தை விரும்பும். எலக்ட்ரான் ஒன்று வந்து ஒரு சுமையானதும் நான்முகியைத் தேடும். புரதம் இரண்டில் எதையும் முழுசாகக் கொடுக்காமல் நடுவில் ஒரு வடிவத்தில் பிடித்து வைத்திருக்கிறது. எலக்ட்ரான் வந்தாலும் போனாலும் அணுக்கள் பெரிதாக நகர வேண்டியதில்லை, அதனால் கைமாற்றம் சட்டென்று முடிகிறது. எலக்ட்ரான் ஏறிய வடிவத்தின் அளவுகளை என் மாதிரியில் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் சில மி.மீ. வித்தியாசம்தான். குச்சி வெட்டும்போது என் கை தவறுவதே அவ்வளவு இருக்கும்.

மணிக்கு வண்ணம் பூசுவதிலும் ஒரு சிக்கல். சிஸ்டீனின் கந்தகத்திலிருந்து தாமிரத்துக்கு மின்சுமை தாவும்போது 600 நானோமீட்டரை ஒட்டிய ஒளி உறிஞ்சப்படுகிறது, அதுதான் இந்தப் புரதத்தின் அடர்நீலம். தாமிர சல்பேட்டுக் கரைசலோடு ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தமானது. ஆனால் எலக்ட்ரான் ஏறியதும் நிறமே போய்விடும். கடைசியில் பாதி நீலம், பாதி வெள்ளை என்று பூசிவிட்டேன். பார்க்கப் பம்பரம் மாதிரி இருக்கிறது.

அசைவைக் கணினியிலும் பார்க்கலாமே என்று, அணுக்களின் அசைவைக் கணக்கிடும் குரோமாக்ஸ் மென்பொருளில் ஓட்டியது ஒரு தனிக் கூத்து. முதல் ஓட்டத்தில் தாமிரத்தை வெறும் அயனியாக விட்டேன். அது இடத்தை விட்டு நழுவி நீர் மூலக்கூறுகளோடு போய்ச் சேர்ந்துகொண்டது. இரண்டாவது முறை நான்கு பிணைப்புகளையும் நானே எழுதிக் கட்டினேன். தாமிரம் அசையாமல் நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? கயிறு நான் கட்டியது. அதிலிருந்து தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்று மூடி வைத்தேன்.

அதைவிட நிழற்படம் போல அசையாமல் கிடக்கும் பழைய படிக அமைப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்ததில்தான் அசைவு தெரிந்தது. 6பிசிஒய் என்ற கோப்பு எலக்ட்ரான் ஏறிய வடிவம், பிஎச் 3.8 என்ற அமிலச் சூழலில் எடுத்தது. அதில் ஹிஸ்டிடின் 87 ஒரு புரோட்டானை வாங்கிக்கொண்டு தாமிரத்தை விட்டுவிடுகிறது. தூரம் 3 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டுகிறது. 2பிசிஒய் என்ற கோப்பு தாமிரமே இல்லாத புரதம். உள்ளே இருந்தவர் போய்விட்டதால் வீடு இடிந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். அறை அப்படியே நிற்கிறது. ஹிஸ்டிடின் 87-இன் வளையம் மட்டும் தன் தண்டில் 180 பாகை திரும்பியிருக்கிறது. நால்வரில் வெளிப்பரப்பை ஒட்டி இருப்பதும் அதுதான். சுழல்கதவு மாதிரி அது திரும்பித்தான் தாமிரம் உள்ளே வருவதாகக் கருதுகிறார்கள்.

உடனே மாதிரியில் அந்த ஒரு வளையத்தை மட்டும் பிய்த்தேன். தீர்ந்துபோன பேனா ரீஃபில்லை 3 செ.மீ. நறுக்கி, அதற்குள் குண்டூசியை விட்டு, அட்டை வளையத்தை அதன் முனையில் ஒட்டினேன். இப்போது விரலால் தட்டினால் திரும்புகிறது. மற்ற மூன்றும் பசையில் இறுகி நிற்க, இது மட்டும் சுற்றுகிறது. பசை கொஞ்சம் ரீஃபில்லுக்குள் போனதில் முக்கால் வட்டத்தில் ஒருமுறை சிக்குகிறது, அதைச் சுரண்ட வேண்டும்.

அடுத்தது நிஜமான நொதி: சர்க்கரைவள்ளிக் கிழங்கின் கேட்டகால் ஆக்சிடேஸ். இரண்டு தாமிரம், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஹிஸ்டிடின். இங்கே சில மி.மீ. கதை இல்லை. தாமிரங்களுக்கு இடையே 2.9 ஆங்ஸ்ட்ராம், எலக்ட்ரான் ஏறியதும் 4.4. என் அளவில் 5.8-லிருந்து 8.8 செ.மீ. குச்சிக்குள் குச்சி நுழைவது போல நீளும் தண்டு ஒன்று வேண்டும். பழைய ரேடியோ ஏரியலை உடைக்கலாமா என்று யோசனை. ஆறு ஹிஸ்டிடின்களையும் வெட்டி வைத்துவிட்டேன். இந்த முறை நைட்ரஜன்கள் எல்லாவற்றிலும் பேனாவால் பெயர் எழுதியாயிற்று.