கேபிள் டிவி கம்பியில் வந்த இன்டர்நெட்: ஒரு பாளையங்கோட்டை அனுபவம்

இன்டர்நெட் இணைப்பு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பதிவிறக்க வேகத்தைத்தான் விசாரிக்கிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது பதிவேற்ற வேகம். பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். என் குரலும் நான் எழுதிக் காட்டும் பலகையும் தடங்கலில்லாமல் அங்கே போய்ச் சேர வேண்டும். குரல் அறுந்து அறுந்து போனால் இயற்கணிதத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மொபைல் இணைப்பு சாயங்காலமானால் படுத்துவிடும். தொலைபேசிக் கம்பி வழியாகக் கேட்டால், எங்கள் பகுதியில் இடம் காலியில்லை என்றார்கள். மிச்சமிருந்தவர், எங்கள் தெருவுக்குப் பல வருடங்களாக கேபிள் டிவி கொடுத்துவரும் அண்ணாச்சி. "புதுக் கம்பி எதுவும் இழுக்க வேண்டாம் டீச்சர், டிவி வருகிற கம்பியிலேயே நெட்டும் வரும். ஒரு மோடம் வைத்தால் போதும்" என்றார். ஆதார் நகல், ஒரு புகைப்படம், விண்ணப்பத்தில் கையெழுத்து. மறுநாளே மோடம் வந்துவிட்டது.

அது எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டதுதான் பின்னால் எனக்குக் கைகொடுத்தது. செயற்கைக்கோளிலிருந்து டிஷ் வாங்கும் சேனல்களையெல்லாம் கன்ட்ரோல் ரூமில் வெவ்வேறு அலைவரிசையில் ஏற்றி ஒரே கம்பியில் அனுப்புகிறார்கள். போகப் போக சிக்னல் தேய்வதால் வழியில் கம்பங்களில் ஆம்பிளிஃபையர்கள். அங்கிருந்து வீடுகளுக்குக் கிளை பிரிக்கும் டேப் என்ற சின்னப் பெட்டி, டேப்பிலிருந்து வீடு. இன்டர்நெட்டுக்கு, டிவி சேனல் உட்காரும் இடங்களில் ஒன்றிரண்டை ஒதுக்கிவிடுகிறார்கள். 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் இடத்தில் நொடிக்குச் சுமார் 50 மெகாபிட் தரவு போகும். அந்தக் கிளையிலுள்ள வீடுகளெல்லாம் அதைப் பங்கிட்டுக்கொள்ளும். இதற்கான பொது விதிமுறை 1997இல் வந்த டாக்சிஸ். பிறகு வந்த பதிப்புகளில் பல இடங்களைச் சேர்த்துக் கட்டி வேகத்தைக் கூட்டினார்கள்.

சிக்கல் திரும்பி வரும் பாதையில் இருக்கிறது. கேபிள் டிவி என்பதே ஒரு பக்கமாகக் கொடுப்பதற்காகக் கட்டியது. வீட்டிலிருந்து கன்ட்ரோல் ரூமுக்குப் போவதற்கு அலைவரிசைகளின் கீழ்க்கோடியில் 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒரு சின்ன இடம்தான் கிடைக்கிறது. மோட்டார், வெல்டிங், கெட்டுப்போன மின்விளக்கு என்று தெருவில் உண்டாகும் இரைச்சலெல்லாம் குடியிருப்பதும் அதே இடத்தில்தான். பாளையங்கால்வாயில் தண்ணீர் மடைமடையாகப் பிரிந்து வயலுக்குப் போகிறது. அதையே எதிர்த்திசையில் ஓடவிட்டால் ஒவ்வொரு மடையின் குப்பையும் தலைமடைக்கு வந்து குவியும் அல்லவா? கேபிளிலும் அப்படித்தான், ஒரு வீட்டின் தளர்ந்த கனெக்டர் தெரு முழுவதையும் கெடுத்துவிடும்.

எனக்கு நேர்ந்ததும் அதுதான். காலையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். சாயங்காலம் வகுப்பு தொடங்கினால், பிள்ளைகள் பேசுவது எனக்குக் கேட்கும்; நான் பேசுவது அவர்களுக்குக் கேட்காது. வேகத்தைச் சோதித்துப் பார்த்தால் பதிவிறக்கத்தில் ஒரு குறையுமில்லை. வந்து பார்த்த முதல் ஆள் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார்.

அடுத்து வந்த தம்பி விவரமானவர். லேப்டாப்பில் 192.168.100.1 என்று அடித்து மோடத்தின் உள்பக்கத்தைத் திறந்தார். மோடம் எவ்வளவு சக்தியோடு அனுப்புகிறது என்பது அதில் தெரிகிறது. அது உச்சத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. "அக்கா, இது தொண்டை கிழியக் கத்துகிறது. அப்படியும் அந்தப் பக்கம் கேட்கவில்லை" என்றார். கன்ட்ரோல் ரூமில் ஒருவரை இரைச்சல் அளவைப் பார்க்கச் சொல்லி, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கம்பம் கம்பமாக ஏறி ஒவ்வொரு கிளையாகக் கழற்றி மாட்டினார். ஒரு பூட்டிய வீட்டின் கிளையைக் கழற்றியதும் இரைச்சல் விழுந்துவிட்டது. அந்த வீட்டு மாடியில் கம்பி அறுந்து வாயைத் திறந்துகொண்டு தொங்கியது. கனெக்டர் பச்சை பூத்து, நடுக்கம்பி கறுத்துப்போயிருந்தது. கீழே மாவரைக்கும் கடை. சாயங்காலம் கிரைண்டர்கள் ஓடத் தொடங்கும் நேரமும் என் வகுப்பு நேரமும் ஒன்று.

அந்தக் கிளையை அடைத்த பிறகு வகுப்புகள் நன்றாகவே நடந்தன. ஆனாலும் ஒரு குறை தீரவில்லை. மின்தடை வந்தால் என் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை, கம்பத்து ஆம்பிளிஃபையருக்கு மின்சாரம் வேண்டுமே! மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளெல்லாம் எனக்கு விடுமுறை நாள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, அண்ணாச்சியின் ஆம்பிளிஃபையர்கள் வரிசையாகத் தண்ணீர் புகுந்து செத்தன. அதற்குப் பிறகுதான் தெருவை ஃபைபருக்கு மாற்றிவிடுவது என்று அவர் முடிவு செய்தார். கடன் வாங்கித்தான் செய்தார். டிவி சந்தா குறைந்துகொண்டே வரும் காலத்தில் உள்ளூர் கேபிள்காரர் ஒருவர் அந்தத் துணிச்சலைக் காட்டியதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

ஃபைபரை இணைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உறையை உரித்தால் உள்ளே கண்ணாடி இழை, பூச்சையும் எடுத்தபின் 125 மைக்ரான் பருமன்தான். அதிலும் ஒளி ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரான் அளவுதான். ஆல்கஹால் தொட்ட காகிதத்தால் துடைத்து, முனையைச் செங்குத்தாக வெட்டி, ஸ்ப்ளைசிங் மெஷினில் இரண்டு முனைகளையும் எதிரெதிரே வைத்தார்கள். திரையில் இரண்டும் தூண்கள் போலப் பெரிதாகத் தெரிந்து, மெல்ல நகர்ந்து நேர்ப்பட்டன. ஒரு மின்பொறி. இரண்டும் ஒன்றாகிவிட்டன. வெட்டிய துண்டுகளை அந்தத் தம்பி ஒவ்வொன்றாக ஒட்டு நாடாவில் ஒற்றி எடுத்தார். "காலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது அக்கா, குழந்தைகள் நடமாடும் இடம்" என்றார். அந்தப் பொறுப்புக்கு எவ்வளவு கூலி கொடுத்தாலும் தகும்.

இப்போது ஒரே இழையில் வெவ்வேறு அலைநீளத்தில் மூன்று ஒளி ஓடுகிறது. இன்டர்நெட் வீட்டுக்கு வருவது 1490 நானோமீட்டரில், வீட்டிலிருந்து திரும்பிப் போவது 1310இல், டிவி தனியாக 1550இல். கன்ட்ரோல் ரூமிலிருந்து வரும் இழையை ஸ்ப்ளிட்டர் வீடுகளுக்குப் பிரிக்கிறது. ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. ஜிபான் என்ற இந்த முறையில் கீழ்நோக்கி நொடிக்கு சுமார் 2.5 கிகாபிட், மேல்நோக்கி 1.25 கிகாபிட், இதையும் வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் தனக்கு ஒதுக்கிய கணத்தில் மட்டுமே ஒளியை அனுப்பும். மாவு மில் மோட்டாரின் இரைச்சல் கண்ணாடிக்குள் நுழைய வழியில்லை. எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் அம்மாவின் டிவி கெட்டது. இன்டர்நெட் பறக்கிறது, சீரியலில் முகங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. செட்டாப் பாக்ஸை மாற்றினார்கள், சரியாகவில்லை. ஒளியின் வலுவை அளக்கும் பவர் மீட்டர் வைத்துப் பார்த்தவர் மைனஸ் 14 என்று காட்டி, இது தாராளம் என்றார். மைனஸுக்குப் பின்னுள்ள எண் கூடக் கூட ஒளி மங்கல் என்று அர்த்தம். இன்டர்நெட் பெட்டிக்கு மைனஸ் 27 வரை தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் சாதாரண மீட்டர் எல்லா ஒளியையும் சேர்த்தே அளக்கிறது. மூன்றையும் பிரித்துக் காட்டும் மீட்டரை அண்ணாச்சி வரவழைத்த பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது: அந்த மைனஸ் 14 கிட்டத்தட்ட முழுவதும் டிவி ஒளி; இன்டர்நெட் ஒளி மைனஸ் 22. டிவிக்கு இன்டர்நெட்டைவிடப் பல மடங்கு வலுவான ஒளி வேண்டும்.

எங்கே குறைகிறது? இழையைப் பெட்டியிலிருந்து கழற்றி, அதில் சிவப்பு லேசர் பேனாவைச் செருகினார்கள். வீட்டு விளக்கை அணைத்ததும் ஜன்னல் மூலையில், ஆணி கிளிப் இறுக்கிப் பிடித்திருந்த இடத்தில், வெள்ளை உறை வழியாகச் சிவப்பாகக் கசிந்தது. அங்கே கம்பியைச் சட்டத்தோடு சட்டமாக மடக்கி அடித்திருந்தார்கள். வளைவு கூர்மையானால் ஒளி வெளியே தப்பிவிடும். நீண்ட அலைநீளம்தான் முதலில் தப்பும். அதனால்தான் டிவி அடிவாங்கியது, இன்டர்நெட் தாக்குப்பிடித்தது. கிளிப்பைப் பிடுங்கி, கம்பியை அகலமான வளைவாக விட்டதும் டிவி மைனஸ் 7க்கும் இன்டர்நெட் மைனஸ் 19க்கும் வந்தன. அம்மா உடனே சத்தத்தைக் கூட்டினார்.

ஃபைபர் போடும் வீடுகளில் இந்த இரண்டு எண்களையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். டிவி பெட்டியில் செருகும் முனை பச்சை நிறமாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பச்சை முனையைச் சாய்வாகத் தேய்த்திருப்பார்கள், ஒளி திரும்பிப் போய் டிவி படத்தைக் கெடுக்காமல் இருப்பதற்காக. அதில் நீல முனையைச் செருகினால் இரண்டும் சரியாகப் பொருந்தாது, ஒளி வீணாகும்.

மின்தடைக்குப் பெட்டியருகே 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடியில் இணைப்பு அறுந்துவிடாமல் இருக்க. அண்ணாச்சியின் கன்ட்ரோல் ரூமில் பேட்டரி இருக்கும்வரை தெருவே இருண்டாலும் வகுப்பு நடக்கும். இப்போது அவருடைய ஆட்கள் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் அந்த இரு எண்களையும் தேதியோடு எழுதி ஒட்டுகிறார்கள். பின்தெருவுக்கு இன்னும் பழைய கம்பிதான். அங்கிருந்து பாடம் எடுக்கும் என் தோழிக்காகக் கேட்டிருக்கிறேன். அடுத்த இழுப்பு அந்தத் தெருவுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார்.