கழற்ற ஒரு மாதம், மாட்ட மூன்றரை வருடம்

வாங்கப் போனபோது கார் சிவப்பாகப் பளபளத்தது. 1972ஆம் வருடத்து டாட்சன் 240இசட், வலது பக்க ஸ்டீயரிங், 5 கியர். வைத்திருந்தவர் சாவியைத் திருப்பியதும் ஆறு சிலிண்டரும் சேர்ந்து உறுமிய சத்தத்தில் என் புத்தி கழன்றுவிட்டது. பழைய கார் பார்க்கப் போனால் பாக்கெட்டில் ஒரு காந்தம் இருக்கட்டும் என்பார்கள். இருந்தது. வெளியே எடுக்கத்தான் தோன்றவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், கதவுக்குக் கீழ் மூலையில் அதை வைத்தேன். ஒட்டாமல் பொத்தென்று தரையில் விழுந்தது. அந்த இடத்தில் இரும்பே இல்லை. விரல் கனத்துக்குப் பட்டி அப்பி, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

இந்தக் காரின் மேல் ஏன் இவ்வளவு பைத்தியம் என்று கேட்டால் ஒரு புகைப்படத்தைத்தான் சொல்ல வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில் கண்ணாடி வரை சேறு அப்பிய ஒரு 240இசட். 1971இல் எட்கர் ஹெர்மன் அந்த ராலியை இதில் ஜெயித்தார், 1973இல் ஷேகர் மேத்தா. உகாண்டாவில் பிறந்த நம் வம்சாவளிக்காரர், பிறகு மொத்தம் ஐந்து முறை அதே ராலியை வென்றவர். அந்தப் பெயரை முதலில் படித்தபோது ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கார் 1969 அக்டோபரில் ஜப்பானில் அறிமுகமானபோது அதற்குப் பெயர் ஃபேர்லேடி இசட். அமெரிக்காவில் விற்பனையைக் கவனித்த யுடாகா கடயாமாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை, எனவே அங்கே 240இசட் ஆனது, 2.4 லிட்டர் என்ஜின் என்பதால் 240. யோஷிஹிகோ மாட்சுவோவின் குழு வரைந்த அந்த நீள மூக்கும் சரிந்த முதுகும் இருக்கிறதே, அதைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் வேலையைப் பற்றி எழுத இடம் இருக்காது.

சரி, வேலைக்கு வருவோம்.

கழற்றுவது சுகமான வேலை. ஒவ்வொரு நட்டும் போல்ட்டும் தனித்தனிப் பிளாஸ்டிக் பைக்குள், மேலே எங்கிருந்து எடுத்தது என்று எழுதி, கழற்றும் முன் ஒன்று கழற்றிய பின் ஒன்று என்று படம். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், வாழ்நாள் முழுக்க பழைய கார்களோடு மல்லுக்கட்டியவர், அந்தப் பைகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, பேரு எழுதுனது சரி. எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுன்னு எழுதுனீங்களா?" எழுதவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு பிராக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாலு விதமாகத் திருப்பிப் பார்த்தபோது அவர் சிரிப்பு ஞாபகம் வந்தது.

கழற்றக் கழற்ற எனக்கு முன்னால் இந்தக் காரை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக அறிமுகமானார்கள். ஒருவர் தரையில் ஓட்டை விழுந்த இடத்தில் அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்து, மேலே தார் பூசி, கார்பெட் போட்டு மூடியிருந்தார். இன்னொருவர் ஹெட்லைட் வயர்களை முறுக்கிக் கைக்காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைச் சுற்றியிருந்தார், நிஜமாகவே. யாரோ ஒருவர் சிவப்பை விரும்பியிருக்கிறார், ஏனென்றால் டாஷ்போர்டைக் கழற்றியதும் உள்ளே தெரிந்தது ஆரஞ்சு. 918 என்ற எண் கொண்ட ஆரஞ்சு, ஃபேக்டரியில் அடித்தது, ஐம்பது வருடமாக வெயில் படாமல் அப்படியே இருந்தது. அன்றைக்கே முடிவாகிவிட்டது, கார் மறுபடி ஆரஞ்சுதான்.

துரு என்பது இந்த வகைக் காரில் எங்கே ஒளிந்திருக்கும் என்று கிட்டத்தட்ட மனப்பாடமாகச் சொல்லலாம். பேட்டரி வைக்கும் தட்டு, அங்கிருந்து ஆசிட் சொட்டிக் கீழே போகும் சட்டம், தரை, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற ராக்கர், முன் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடியும் இடம், பின் கதவைச் சுற்றி. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வந்தால் போதும்: நல்ல தகடு டங்கென்று சொல்லும், அரித்த தகடு தப்பென்று சொல்லும். என் காரில் இடது பக்கம் முழுக்க தப்புதான்.

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இதற்குத் தனியாக சேஸி கிடையாது, பாடியே சட்டம். தரையையும் ராக்கரையும் ஒரே நேரத்தில் வெட்டி எடுத்தால் நடுவில் கார் மடியும், கண்ணுக்குத் தெரியாமல் சில மில்லிமீட்டர் மடிந்தாலே போதும், பிறகு கதவு பூட்டாது. அதனால் வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்து இறுக்கி, மூலைக்கு மூலை அளந்து சுவரில் எழுதிவைத்தேன். புதுத் தகட்டை வைத்த பின்னும் ஒரே இழுப்பில் வெல்டிங் ஓட்டவில்லை. சூட்டில் தகடு அலையடிக்கும், எனவே இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி ஒரு பொட்டு. ஒரு பக்கத் தரைக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை போனது. இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் உள்ளே துத்தநாகப் பிரைமர் அடித்த பிறகே சேர்த்தேன். இதை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் துரு பார்க்கும்.

அடுத்தது ஸ்பிண்டில் பின். இந்தக் காரைப் பிரித்த யாரிடமும் இந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். பின் சக்கரத்துக் கீழ்க்கையையும், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் அடிப்பாகத்தையும் சேர்த்துப் பிடிப்பது ஒரு நீளமான எஃகு ஊசி. நடுவில் அதைப் பூட்ட ஒரு குட்டி ஆப்பு. ஐம்பது வருடத்தில் ஊசியும் அது நுழையும் வார்ப்பும் துருவில் ஒன்றாகிவிடும். சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கும், ஊசி அசையாது. நானும் அடித்தேன், நசுக்கினேன். பிறகு தினமும் காலையில் துரு எண்ணெய் விட்டு, சாயங்காலம் கேஸ் அடுப்பு டார்ச்சால் சூடு காட்டி, ஒரு தடித்த குழாயும் மரைத் தண்டும் பெரிய நட்டும் வைத்து இழுப்பான் ஒன்று செய்து இறுக்கினேன். பதினொன்றாம் நாள் வலது பக்கம் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் போட்டு ஒரு முடி அளவு நகர்ந்தது, நான் தோட்டா பட்ட மாதிரி பின்னால் போய் உட்கார்ந்தேன். இடது பக்கம் கடைசி வரை வரவேயில்லை. கீழ்க்கையையும் வார்ப்பையும் பிரிக்கும் இடுக்கில் ரம்பம் விட்டு இரண்டு பக்கமும் அறுத்து, மிச்சத் துண்டை மெஷின் ஷாப்பில் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளினோம். புது ஊசி போடும்போது கிரீஸ் தாராளமாகப் பூசியிருக்கிறேன். அடுத்து கழற்றப் போகிறவர் என்னை ஏச மாட்டார் என்று நம்பிக்கை.

என்ஜினில் நடந்தது முழுக்க என் முட்டாள்தனம். எல்24 என்ற அந்த என்ஜினுக்கு இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், மேலே ஒற்றை கேம்ஷாஃப்ட், முன்னால் நீளமான டைமிங் செயின். ஹெட்டைத் தூக்க வேண்டுமானால் கேம்ஷாஃப்ட்டிலிருந்து பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும், அதற்கு முன் செயினின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மேலிருந்து ஒரு மர ஆப்பை இறக்கி இறுக்க வேண்டும். ஏனென்றால் கீழே செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஒன்று ஸ்பிரிங் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. செயின் தொய்ந்தால் அது வெளியே துள்ளிவிடும். எனக்கு இது தெரியும். ஆப்பு செதுக்கச் சோம்பல்பட்டு, செயினைக் கம்பியால் மேலே இழுத்துக் கட்டினால் போதும் என்று நினைத்தேன். பல்சக்கரம் கையோடு வந்தது, உள்ளே ஆழத்தில் டக் என்று ஒரு சின்னச் சத்தம்.

அந்தச் சின்னச் சத்தத்துக்கு விலை ஆறு வாரம். ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப், கிராங்க் புல்லி, ஆயில் பம்ப் எல்லாம் இறங்கி முன் மூடி திறந்தால்தான் அந்த டென்ஷனரைத் தொட முடியும். திரும்ப மாட்டும்போது இன்னொரு கண்ணி: ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றும் தண்டு ஆயில் பம்ப்போடு சேர்ந்து மேலே ஏறும், முதல் சிலிண்டர் உச்சியில் நிற்கும்போது மேலிருந்து பார்த்தால் அதன் நாக்கு கடிகாரத்தில் 11:25 காட்டுகிற கோணத்தில் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளிப்போனால் டிஸ்ட்ரிபியூட்டரை எவ்வளவு திருப்பினாலும் டைமிங் கைக்கு வராது. நான் முதல் தடவை மாட்டியது ஏறக்குறைய பன்னிரண்டு மணி. பெரியவரிடம் சொன்னேன். "கழட்டுங்க தம்பி. பழக்கமான வேலைதானே இப்போ" என்றார். மனுஷனுக்குக் கொழுப்பு.

வால்வு இடைவெளி வைப்பது மட்டும் நிம்மதியான வேலை. என்ஜின் ஆறியிருக்கும்போது இன்டேக் 0.20 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.25. பன்னிரண்டு வால்வு, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் ஒன்று, ரேடியோவில் பழைய பாட்டு. கேஜ் லேசாகப் பிடித்துக்கொண்டு நழுவும் அந்த உணர்வு விரலுக்குப் பழகிவிட்டால் பிறகு எண்ணே பார்க்க வேண்டியதில்லை.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் இரண்டு, ஹிட்டாச்சி செய்த எஸ்யூ வகை. உருண்டை மண்டை கொண்டவை. 1973இல் வந்த தட்டை மண்டைக்காரர்களோடு நிறையப் பேர் மல்லாடிவிட்டு, பழைய உருண்டைகளைத் தேடிப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே ஒரு பிஸ்டன், காற்று இழுக்கிற அளவுக்கு அது மேலே எழும். விரலால் தூக்கிவிட்டால் தடங்கல் இல்லாமல் இறங்கி அடியில் டக்கென்று உட்கார வேண்டும், அந்த டக் கேட்கவில்லையென்றால் நாசில் நடுவில் இல்லை என்று அர்த்தம், வேறு எதைத் திருகியும் பிரயோசனமில்லை. அடியிலிருக்கும் மிக்ஸர் நட்டை மேலே முட்டும் வரை திருகி, பிறகு இரண்டரை சுற்று இறக்கித் தொடங்க வேண்டும். இரண்டும் சமமாகக் காற்று இழுக்கிறதா என்று பார்க்கக் கருவி இருக்கிறது. நான் ஒரு ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறு நுனியை ஒவ்வொரு வாயிலும் பிடித்து, உஸ் சத்தம் ஒரே மாதிரி வரும் வரை திருகினேன். கருவியை இரவல் வாங்கிச் சோதித்தபோது காது பெரிதாக ஏமாற்றவில்லை.

ஒரே ஒரு இடத்தில் அசல் பாகத்தை விட்டுக்கொடுத்தேன். பாயின்ட் என்கிற தொடுமுனை வைத்த டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, பின்னால் வந்த 280இசட்எக்ஸின் எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரைப் போட்டேன். அது நேராகப் பொருந்தும் என்பதால் பழைய ஆட்கள் பலரும் செய்வதுதான். அசலே வேண்டும் என்கிறவர்கள் கோபித்துக்கொள்ளலாம், பழையது எண்ணெய்த் துணியில் சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. போல்ட்டுகளுக்கு மஞ்சள் துத்தநாக முலாம், ரப்பர் எல்லாம் புதிது, பிரேக் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், அவற்றில் சொல்ல ஒன்றுமில்லை. பெயிண்ட் நான் அடிக்கவில்லை, அதற்கென்று கை வேண்டும்.

முதல் ஓட்டம் விடியற்காலையில். ஸ்டீயரிங்குக்குப் பவர் கிடையாது, சாலையில் கிடக்கும் சின்னக் கல்கூட உள்ளங்கையில் தெரியும். மூன்றாவது கியரில் மிதித்ததும் கார்புரேட்டர்கள் காற்றை உறிஞ்சும் அந்தக் கொரகொரப்பு வந்தது, கத்தினேன் என்று நினைக்கிறேன், ஞாபகம் இல்லை. எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இன்றைய கார்களுக்குப் பக்கத்தில் வேகம் ஒன்றும் பெரிதல்ல, ஆனால் ஐம்பதில் போகும்போதே காருக்கும் எனக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்குத் திரும்பி இறங்கியதும் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள், "கார்ல போனீங்களா, சைலன்சர்ல போனீங்களா?"

புகை நாற்றம். இதுவும் இந்தக் காரின் பிரசித்தமான வியாதிதான். ஓடும்போது சரிந்த முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, வெளியே போன புகை பின் கதவு இடுக்கு வழியாக உள்ளே இழுக்கப்படும். ஜன்னலைத் திறந்தால் இன்னும் மோசம். கார்பன் மோனாக்சைடும் கூட வருகிறது என்பதால் சிரித்துவிட்டு விடவும் முடியாது. ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு நான் பின்னால் படுத்துக்கொண்டேன், வெளியே மனைவி டார்ச்சை ரப்பர் ஓரமாகவே நகர்த்தினாள். பின் கதவைச் சுற்றி எங்கும் வெளிச்சம் இல்லை. புது ரப்பர் நன்றாகவே உட்கார்ந்திருந்தது. டார்ச் டெயில் லைட் பக்கம் வந்ததும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக ஒளி உள்ளே விழுந்தது.

வயர் நுழையும் ஓட்டைக்கு ஒரு ரப்பர் மூடி உண்டு. போய்ப் பைகளைத் துழாவினேன். என் கையெழுத்தில் "டெயில் லைட், இடது" என்று எழுதிய பைக்குள், புதிதாக வாங்கிய மூடி பிரிக்காமல் அப்படியே கிடந்தது. மூன்றரை வருடமாக முன்னால் வைத்திருந்தவர்களை என்னென்ன சொல்லியிருக்கிறேன் என்று மனைவிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள்.

மூடியைப் போட்டாயிற்று. நாற்றம் முக்கால்வாசி போய்விட்டது. கார்பன் மோனாக்சைடு காட்டும் கருவி ஒன்றை இருக்கைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், இதுவரை கத்தவில்லை. நேற்று ராத்திரி மறுபடி டார்ச் அடித்துப் பார்த்ததில் வலது லைட்டின் மேல் ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு வெளிச்சம். வரும் ஞாயிறு அதைக் கழற்ற வேண்டும்.