எண் இல்லாத அளவுகோல்கள்: பட்டறை நாட்குறிப்பு

ஜூன் 3

கொல்லுப் பட்டறையை மூடிவிட்ட பெரியவர் ஒருவர் கொடுத்த பெட்டியை இன்று தரையில் கவிழ்த்துக் கொட்டினேன். குறடு, உளி, பொட்டு உளி எல்லாம் பார்த்ததுமே தெரிந்துவிட்டன. அளக்கிற சாமான்கள்தான் ஆளை ஏமாற்றுகின்றன. பெரும்பாலானவற்றில் ஓர் எண்கூட இல்லை, கோடும் இல்லை. தகடு, வளைந்த கால், நடுவில் ஒரு ரிவிட், அவ்வளவுதான். தெரியாதவர் கையில் கிடைத்தால் பழைய இரும்போடு எடைக்குப் போய்விடும்.

எண் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. உலையிலிருந்து எடுத்த இரும்பு நல்ல சிவப்பில் ஏறத்தாழ 1 சதவீதம் நீண்டிருக்கும். 300 மி.மீ. கம்பி என்றால் 3 மி.மீ. கூடுதல். அதன் மேல் குனிந்து கோடுகளை எண்ணிக்கொண்டிருக்கவும் முடியாது. அதற்குள் சிவப்பு இறங்கிவிடும். அதனால் கொல்லர் அளவைப் படிப்பதில்லை. மாதிரியிலிருந்து கருவியில் பிடித்து எடுத்துவந்து, வேலையின் மேல் வைத்துப் பார்க்கிறார். பொருந்துகிறதா, இல்லையா? தெரிய வேண்டியது அதுதான்.

ஜூன் 4

காலிப்பர்களை, அதாவது இரண்டு கால்களுக்கு நடுவே அளவைப் பிடிக்கிற கருவிகளை, பிரித்து வைத்தேன். கால்கள் உள்நோக்கி வளைந்தவை வெளி அளவுக்கு; நுனி வெளியே திரும்பியவை துளை, வளையம் இவற்றின் உள் அளவுக்கு. இது பலருக்கும் தெரிந்ததுதான். லேத் வேலைக் காலிப்பருக்கும் கொல்லர் காலிப்பருக்கும் வித்தியாசம் தெரிய, மூட்டைப் பார்க்க வேண்டும். லேத் வேலைக்கானதில் பெரும்பாலும் ஸ்பிரிங்கும் திருகும் இருக்கும். உலைப் பக்கம் அது தாக்குப்பிடிக்காது. சுட்ட இரும்பிலிருந்து உதிர்கிற செதில் திருகின் மரையில் போய் அடைத்துக்கொள்ளும். சூடுபட்ட ஸ்பிரிங் விறைப்பை இழந்துவிடும். கொல்லருடையதில் அகலமான வாஷர் வைத்த ரிவிட் மட்டும்தான். கால் இறுக்கமாக நகர வேண்டும். கீழே வைத்து எடுத்தாலும் பிடித்த அளவு அப்படியே இருக்க வேண்டும். அளவை ஒரு மயிரிழை குறைக்க, காலைப் பட்டடை மேல் லேசாகத் தட்டினால் போதும்.

பெட்டியில் எனக்கு ரொம்பப் பிடித்தது இரட்டைக் காலிப்பர். நடுவில் நீண்ட தண்டு, அதன் இருபுறமும் ஒவ்வொரு வளைந்த கால். ஒரு வாயில் அகலத்தைப் பிடித்துக்கொள்ளலாம், இன்னொன்றில் கனத்தை. பட்டையை அடித்து நீட்டும்போது கருவியைப் புரட்டிப் புரட்டி வைத்து, ஒரே சூட்டில் இரண்டையும் சரிபார்த்துவிடலாம். தண்டின் நீளம் அழகுக்கு அல்ல. கை அனலிலிருந்து விலகி இருக்க வேண்டும் என்பதற்காக.

ஜூன் 6

நேரம் குறைவு. பித்தளை அடிக்கோலைத் துடைத்தேன். பெட்டியில் எண் உள்ள சாமான் என்றால் இதுதான். பித்தளை துருப்பிடிக்காது, புகையடைந்த பட்டறையிலும் பளிச்சென்று தெரியும். முனையில் சின்னக் கொக்கி இருப்பதால், கம்பியின் நுனியில் மாட்டி ஒரு கையாலேயே அளக்கலாம். சிவந்த இரும்பின் பக்கத்தில் நொடிப்பொழுது காட்டிவிட்டு எடுத்துவிட வேண்டும், மேலேயே கிடத்தி வைக்கக்கூடாது. குறியிடச் சாக்பீஸ் உதவாது, உலையில் போய்விடும். பொட்டு உளியால் ஓர் அடி அடித்தால் அந்தக் குழி சிவப்பிலும் தெரியும்.

ஜூன் 9

இன்று அளவுச் சக்கரம். ஆங்கிலத்தில் ட்ராவலர் என்பார்கள். கைப்பிடியின் கவைக்குள் சுழலும் இரும்புத் தட்டு. பார்த்தால் சிறுபிள்ளைகள் உருட்டுகிற வண்டி மாதிரி இருக்கும். துணியில் கோடு போடுகிற சக்கரத்தில் பல் இருக்கும், இதில் இருக்காது. கப்பிக்கு விளிம்பில் பள்ளம் இருக்கும், இதற்கு விளிம்பு வழுவழுப்பு. அரத்தால் போட்ட ஒரே ஒரு வெட்டு இருந்தால் சந்தேகமே வேண்டாம், அதுதான் தொடக்கக் குறி.

மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா மாட்ட இது இல்லாமல் நடக்காது. வட்டையின், அதாவது மரச் சக்கரத்தின் வெளி வளையத்தின், மேல் ஓரிடத்தில் கோடு போட்டு, வெட்டை அதில் பொருத்தி, கோடு திரும்ப வரும்வரை உருட்ட வேண்டும். முழுச் சுற்றுகளை எண்ணிக்கொண்டு, மிச்சத்தைத் தட்டின் மேலேயே சாக்பீஸால் குறித்துவிடலாம். பிறகு பட்டாவின் உள்பக்கம் அதே மாதிரி உருட்டினால், மிச்சக் குறிக்குக் கொஞ்சம் முன்னாலேயே முடிய வேண்டும். அந்தக் கொஞ்சம்தான் பட்டா குளிரும்போது சக்கரத்தை இறுக்குவது.

எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1,500 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு சுமார் 4,712 மி.மீ. பட்டாவின் சூட்டை 400 டிகிரி செல்சியஸ் கூட்டினால் சுற்றளவில் ஏறத்தாழ 22 மி.மீ. நீளும். பட்டாவைக் குறைத்து விடும் அளவு அதற்குள் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் சூட்டிலும் ஏறாது. ரொம்பக் குறைத்தால் ஆரக்கால்கள் நெளியும், போதாவிட்டால் பட்டா கழன்று உருளும். நேர்ப்பட்டையாக வெட்டும்போது இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: பட்டையின் கனத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல். வளைக்கும்போது உள்பக்கம் சுருங்கி வெளிப்பக்கம் நீளுவதற்கான ஈடு அது. 12 மி.மீ. கனத்துக்கு 38 மி.மீ. முனைகளைப் பற்றவைக்க வேண்டிய கூடுதல் நீளம் தனி.

ஜூன் 11

புதிதாக ஓர் அளவுச் சக்கரம் செய்தேன். 2 மி.மீ. தகட்டில் கவராயத்தால் 191 மி.மீ. விட்டத்துக்கு வட்டம், அப்படியானால் சுற்றளவு 600 மி.மீ. வெளியே கொஞ்சம் விட்டு வெட்டி, கோடு வரை அரத்தால் ராவினேன். கைப்பிடிக்குப் பட்டைக் கம்பியின் நுனியைச் சூட்டில் உளியால் பிளந்து, கவையாக விரித்தேன். இரண்டு கிளையிலும் ஒரே நேர்க்கோட்டில் துளை.

சுகமான இடம் ரிவிட் அடிப்பதுதான். தட்டுக்கும் கவைக்கும் நடுவே வாஷரோடு கெட்டிக் காகிதத் துண்டு ஒன்றையும் செருகி, ரிவிட்டின் தலையை ஓரமாகச் சுற்றிச் சுற்றித் தட்டி இறுக்க வேண்டும். பிறகு சூடுகாட்டினால் காகிதம் கருகி உதிர்ந்துவிடும். அது இருந்த இடம்தான் தட்டு சுழல்வதற்கான இடைவெளி. ஓர் ஆட்டமும் இல்லை, பிடிப்பும் இல்லை. காலிப்பர் செய்யும்போது காகிதம் வைக்கவே கூடாது. அங்கே நமக்கு வேண்டியது பிடிப்புத்தான்.

ஜூன் 14

ஓர் இரும்பு டிரம்மைச் சுற்றிப் பழைய அளவுச் சக்கரத்தையும் புதியதையும் உருட்டிப் பார்த்தேன். மிச்சம் வெவ்வேறு இடத்தில் நின்றது. பழையதன் சுற்றளவு மில்லிமீட்டரிலும் அங்குலத்திலும் எந்த முழு எண்ணுக்கும் வரவில்லை. செய்தவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார். தட்டின் விட்டத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினால், 1,500 மி.மீ. சக்கரத்தைச் சுற்றிவரும் ஏறக்குறைய எட்டுச் சுற்றில் 12 மி.மீ. தப்பும், டேப்போடு ஒப்பிட்டால் பெரிய தப்புத்தான். ஆனால் வட்டையையும் பட்டாவையும் அதே தட்டால் உருட்டுகிறவருக்கு இரண்டு பக்கமும் ஒரே பிசகு, கழித்தால் போய்விடும். சக்கரத்தை ஒன்றாலும் பட்டாவை இன்னொன்றாலும் அளந்தால்தான் வம்பு.

ஆகவே பழையதன் விளிம்பில் அரம் வைக்கப் போவதில்லை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துருவைத் துணியால் தேய்த்து எடுத்தேன். அச்சுக்கு ஒரு சொட்டு எண்ணெய். இரட்டைக் காலிப்பரின் ரிவிட்டுக்கு அதுவும் விடவில்லை. வழுக்கினால் அளவு நிற்காது.