பெடல் உச்சியில் நின்றால் சைக்கிள் ஏன் நகரவில்லை?

திருப்புத்திறன் (ஒரு விசை பொருளைச் சுழற்றும் திறன்) என்றால் விசை × செங்குத்துத் தூரம். பத்தாம் வகுப்பில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். டிப்ளமோ முதல் வருஷ மெக்கானிக்ஸ் டெஸ்டில் சாய்ந்த விசை போட்டு மூன்று கணக்கு வந்தது. மூன்றும் தப்பு. தண்டின் நீளத்தை அப்படியே விசையோடு பெருக்கி வைத்திருந்தேன். 'செங்குத்து' என்ற சொல்லை அதுவரை நான் மதித்ததே இல்லை.

புரியவைத்தது சைக்கிள். ஒரு மேட்டில் வண்டி நின்றுவிட்டது. பெடல் நேர் உச்சியில். ஏறி நின்று மொத்த உடம்பையும் கொடுத்து அழுத்துகிறேன், அசையவில்லை. பெடலைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிட்டு மிதித்ததும் கிளம்பிவிட்டது.

என் எடை 60 கிலோ, அதாவது சுமார் 600 நியூட்டன். பெடலை அச்சோடு இணைக்கும் தண்டுதான் கிராங்க், அதன் நீளம் 17 செ.மீ. பெடல் உச்சியில் இருக்கும்போது எடையின் செயல்கோடு (விசையின் திசையில் போகும் நேர்கோடு) அச்சின் வழியாகவே இறங்குகிறது. தூரம் 0, திருப்புத்திறனும் 0. உச்சியிலிருந்து 30 டிகிரி திரும்பினால் செங்குத்துத் தூரம் 0.17 × சைன் 30 = 0.085 மீட்டர், திருப்புத்திறன் 51 நியூட்டன் மீட்டர். கிராங்க் கிடையாக வந்தால் 102. கால் அதே கால், கிராங்க் அதே கிராங்க்!

அன்றிலிருந்து கணக்கைப் பார்த்ததும் முதலில் பென்சிலைத்தான் எடுப்பேன். விசையின் அம்புக்குறியை இரண்டு பக்கமும் புள்ளிக்கோடாக நீட்டுங்கள். சுழல் புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்து போடுங்கள். பெருக்க வேண்டியது அந்த நீளத்தைத்தான். படம் போடாமல் மனதிலேயே முடிக்கலாம் என்று நினைத்த நாளெல்லாம் நான் சறுக்கியிருக்கிறேன்.

இரண்டு முனையிலும் தாங்கிய உத்திரக் கணக்குக்கு ஒரு குறுக்குவழி உண்டு: தெரியாத விசை இருக்கும் இடத்தையே சுழல் புள்ளியாக எடுங்கள், அது கணக்கிலிருந்து கழன்றுவிடும். 4 மீட்டர் சீரான உத்திரம், எடை 200 நியூட்டன், இடது முனையிலிருந்து 1 மீட்டரில் 600 நியூட்டன் சுமை. இடது முனையைச் சுற்றி வலஞ்சுழி 600 × 1 + 200 × 2 = 1000. உத்திரத்தின் எடை நடுவில், 2 மீட்டரில், செயல்படுகிறது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். இதைச் சமன்செய்வது 4 மீட்டர் தள்ளி மேல்நோக்கித் தாங்கும் வலது தாங்கி; 1000-ஐ 4-ஆல் வகுத்தால் அதில் 250, மொத்தம் 800-இல் மீதி 550 இடதில். நேரம் இருந்தால் வலது முனையைச் சுற்றியும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்: 600 × 3 + 200 × 2 = 2200, வகுத்தால் அதே 550.