நீச்சல் குளத்தைச் சுற்றி ரெசின் தளம்: வாங்குமுன் கேட்க வேண்டியவை

சிறு கற்களை ரெசின் என்ற பசையில் குழைத்துப் பூசுவதுதான் ரெசின் தளம். அது கோலாலம்பூர் வெயிலுக்கும் சாயங்கால மழைக்கும் தாங்க வேண்டுமானால், முதலில் ரெசினைப் பாருங்கள், கல்லின் நிறத்தை அப்புறம் பார்க்கலாம். வெயிலில் நிறம் மாறாத ரெசின் வகையான ‘அலிபாட்டிக்’ பாலியூரித்தேன் என்று விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள். மலிவான ‘அரோமாட்டிக்’ வகை வெயில் பட்டுப் பழுப்பாகிவிடும். வெளிர்நிறக் கல்லில் அது அப்பட்டமாகத் தெரியும்.

நடைபாதைக்கு 1–3 மி.மீ. கல், 12 மி.மீ. கனம் போதும். 100 கிலோ உலர்ந்த கல்லுக்குச் சுமார் 7 கிலோ ரெசின். கல் ஈரமாக இருந்தாலோ, பூசியதும் மழை பிடித்துக்கொண்டாலோ, ரெசின் தண்ணீரோடு வினைபுரிந்து கரியமிலவாயுவை விடும். அதனால் நுரைத்து, வெண்மை படர்ந்து, பொலபொலவென்று உதிரும். அதைச் சரிசெய்ய வழியில்லை, பெயர்த்தெடுக்கத்தான் வேண்டும். ஆகவே காலையிலேயே வேலையைத் தொடங்கி, கூடாரமும் போடச் சொல்லுங்கள். வெக்கையில் கலவை சீக்கிரம் இறுகும் என்பதால் சிறு சிறு கலவையாகப் போடுவதே நல்லது.

புது கான்கிரீட் என்றால் 28 நாள் காத்திருந்து பிரைமர் (ரெசின் நன்றாகப் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு) அடிக்க வேண்டும். ரெசின் தளம் தண்ணீரை உள்ளே விடும், கான்கிரீட் விடாது. அதனால் அடித்தளமே குளத்துக்கு எதிர்ப்புறம், 80 செ.மீ.க்கு 1 செ.மீ. என்ற அளவிலாவது, வடிகால் நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். கான்கிரீட் விரிந்து சுருங்க விட்டிருக்கும் இடைவெளிகளை (விரிவு இணைப்புகளை) மூடிப் பூசினால் அதே கோட்டில் விரிசல் விடும்.

வழுக்காமலிருக்க, பூச்சு ஈரமாக இருக்கும்போதே நொறுக்கிய கண்ணாடித்தூளைத் தூவுவார்கள். வெறுங்காலுக்கு மென்மையான ரகம்தானா என்று மாதிரிப் பலகையில் நின்று பாருங்கள். கருநிறக் கல் வேண்டாம், மதியத்தில் கால் சுடும்.