சுவருக்குள் போகிற பைப்: புது வீட்டு நாட்குறிப்பு

ஜனவரி 9

செங்கல் கட்டு முடிந்துவிட்டது. பூச்சு வேலை தொடங்கும் முன் பைப் ஓட்டியாக வேண்டும். "என்ன பைப் சார் போடலாம்?" என்று பிளம்பர் கேட்டார். "நல்லதா பாத்துப் போடுங்கண்ணே" என்று சொல்லியிருந்தால் வேலை அன்றைக்கே ஓடியிருக்கும். ஆனால் சுவர் வண்ணம் பிடிக்கவில்லை என்றால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். டைல்ஸுக்குப் பின்னால் போன பைப்பை மாற்ற சுவரையே உடைக்க வேண்டும். கொஞ்சம் அவகாசம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

ஜனவரி 11

எது நல்ல பைப் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. அதனால் கேள்வியை மாற்றிக்கொண்டேன். வீட்டுப் படத்தை விரித்து, தண்ணீர் போகிற ஒவ்வொரு வழியையும் தனித்தனியாக வரைந்தேன். மாடித் தொட்டியிலிருந்து கீழே இறங்கும் லைன், குளியலறைகளுக்கான குளிர்ந்த நீர், ஹீட்டரிலிருந்து வரும் வெந்நீர், சமையலறை, தோட்டக் குழாய், கழிவுநீர். ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதியது: எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம், வெயில் படுமா, சுவருக்குள் புதைகிறதா.

அழுத்தம்தான் பெரிய விஷயம் என்று நினைத்திருந்தேன். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. 10 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார், அழுத்தத்தின் இன்னொரு அலகான பிஎஸ்ஐயில் 14 சொச்சம். இரண்டு மாடி வீட்டில் தொட்டித் தண்ணீர் தானாக இறங்கினால் தரைத்தளக் குழாயிலேயே அதைத் தாண்டாது. பைப்பின் மேல் அச்சடித்திருக்கும் எண்கள் அதைவிடப் பல மடங்கு. பிரஷர் பம்ப் வைத்தால் கணக்கு மாறும், அப்போதும் பெரும்பாலும் தாங்கும். ஆக, பைப்புக்கு உண்மையான சோதனை சூடு.

ஜனவரி 14

பிளம்பர் வேறொரு வீட்டில் கழற்றிய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் துண்டு ஒன்றைக் கொண்டு வந்து காட்டினார். வெளியே பார்த்தால் குறை சொல்ல முடியாது. உள்ளே பழுப்பும் வெள்ளையுமாக உப்பும் துருவும் அடுக்கடுக்காகக் கட்டி, நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை. இதுவும் ஒரு காலத்தில் அரை இஞ்ச் பைப்.

துத்தநாகப் பூச்சு இருக்கும் வரை இரும்புக்குக் காவல். மரை வெட்டும்போது அந்தப் பூச்சும் சேர்ந்து போய்விடுகிறது, அதனால் இணைப்பில்தான் முதலில் துரு பிடிக்கும். வெந்நீர் இன்னும் மோசம். 60 டிகிரியைத் தாண்டினால் சில வகைத் தண்ணீரில் துத்தநாகம் இரும்பைக் காப்பதற்குப் பதில் இரும்பே அரிபடத் தொடங்கும். அடியைத் தாங்க வேண்டிய இடத்தில், வெளியே தெரிகிற இடத்தில் ஜிஐ போடலாம். சுவருக்குள் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

ஜனவரி 17

செம்பு: சூடு, வெயில் இரண்டையும் பொருட்படுத்தாது, நன்றாக வேலை செய்தால் தலைமுறை தாண்டும். ஆனால் அமிலத்தன்மையுள்ள தண்ணீரில் ஊசித் துளை விழும். ஈயம் கலக்காத பற்றாசு (உருக்கி ஒட்டும் உலோகம்) வைத்து ஒழுங்காக ஊதத் தெரிந்த ஆள் வேண்டும். அதே லைனில் பிற்பாடு ஜிஐ வந்தால், செம்பிலிருந்து கரைந்து வருவதே அந்த ஜிஐயைத் தின்றுவிடும்.

பெக்ஸ்: ஒரு வகை பாலிஎத்திலீன் பிளாஸ்டிக், வளைந்து கொடுக்கும், சுருளாக வரும். ஒரு மேனிஃபோல்டிலிருந்து (பல கிளை பிரியும் துண்டு) ஒவ்வொரு குழாய்க்கும் இடையில் ஒட்டே இல்லாமல் ஒரே பைப்பாக இழுக்கலாம். சுவருக்குள் இணைப்பே இல்லை என்பது பெரிய வசதி, சொல்லப்போனால் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் நம் பிளம்பர் அதைக் கையால் தொட்டதில்லை என்றார். என் வீட்டில் அவர் பழக வேண்டாம்.

ஜனவரி 20

மிஞ்சியது இரண்டு பிளாஸ்டிக் வகை: சூட்டில் உருக்கி ஒட்டும் பிபிஆர், பசையால் ஒட்டும் சிபிவிசி. இரண்டிலும் வெந்நீர் போகும்.

பிபிஆர் ஒட்டுவதைப் பார்க்க ஆசையாக இருந்தது, தெரிந்தவர் வீட்டு வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். 260 டிகிரியில் காய்ந்த கருவியின் ஒரு பக்கம் பைப், மறுபக்கம் ஃபிட்டிங். 20 மில்லிமீட்டர் பைப்புக்கு 5 விநாடி, 25க்கு 7 விநாடி. எடுத்த கையோடு நேராக அழுத்த வேண்டும், திருகக் கூடாது. இரண்டும் உருகி ஒன்றாகிவிடுகிறது. பசை இல்லை, வாடை இல்லை. சரியாகச் செய்தால் இதைவிட உறுதியான இணைப்பு இல்லை என்றே சொல்வேன். ஆனால் அங்கே வேலை செய்த பையன் அவசரத்தில் ஒன்றைக் கூடுதலாகக் காய்ச்சி அழுத்திவிட்டான். வெளியே அழகான வளையம். உள்ளே விரலை விட்டால் அதே போல இன்னொரு வளையம், வழியைப் பாதி அடைத்துக்கொண்டு. இதைச் சுவருக்குள் வைத்து மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஷவரில் தண்ணீர் மெலிதாக வருகிறது என்று தொட்டியைத்தான் திட்டுவோம்.

இன்னொன்று பைப்புச் சுவரின் தடிமன். 25 மில்லிமீட்டர் பிபிஆர் (பிஎன் 20 என்ற அழுத்த வகை) பைப்பின் உள் விட்டம் 16.6 மில்லிமீட்டர். முக்கால் இஞ்ச் சிபிவிசி (எஸ்டிஆர் 11, அதாவது வெளி விட்டம் தடிமனைப் போல 11 மடங்கு) வெளியே 22 மில்லிமீட்டர்தான், உள்ளே 18 வரும். பார்ப்பதற்குப் பெரிய பைப்பில் தண்ணீர் குறைவாகப் போகிறது. தொட்டி அழுத்தத்தை மட்டுமே நம்பும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

ஜனவரி 23

முடிவு செய்துவிட்டேன். குளியலறை, சமையலறை எல்லாவற்றுக்கும் சிபிவிசி, குளிர்ந்த நீருக்கும் சேர்த்து.

பிளம்பர் முகம் சுளித்தார். "பச்சத் தண்ணிக்கு யுபிவிசி போதும் சார். எதுக்கு வீண் செலவு?" அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் யுபிவிசிக்கு, அதாவது குளிர்ந்த நீருக்கான சாதாரண பிவிசி பைப்புக்கு, சூடு ஆகாது. 60 டிகிரியில் அதன் அழுத்தம் தாங்கும் திறன் கால் பங்குக்கும் கீழே போய்விடும். மிக்சர் குழாயில் இரண்டு பக்க அழுத்தமும் சமமாக இல்லாவிட்டால் வெந்நீர் குளிர்ந்த நீர் லைனுக்குள் ஏறும். சிபிவிசியும் சூட்டில் இளைக்கத்தான் செய்கிறது: 23 டிகிரியில் 400 பிஎஸ்ஐ தாங்கும் எஸ்டிஆர் 11 பைப் 82 டிகிரியில் 100தான் தாங்கும். வீட்டுக்கு அந்த 100 தாராளம். தவிர, ஒரே சுவரில் இரண்டு வகைப் பைப், இரண்டு வகைப் பசை என்றால் எங்காவது ஓரிடத்தில் மாறிப் போகும்.

மாடியிலிருந்து இறங்கும் லைனும் தோட்டக் குழாயும் யுபிவிசி. வெயில் படும் நீளத்துக்குத் தண்ணீரில் கரையும் வெளிர் நிறப் பெயிண்ட். அவருக்கும் திருப்தி.

சிபிவிசியைத் தேர்ந்ததற்குப் பெரிய காரணம் பைப்பில் இல்லை, அந்த மனுஷனின் கையில் இருக்கிறது. அவர் வருஷக்கணக்காக ஒட்டிப் பழகிய பைப் அது.

பிப்ரவரி 2

சுவரில் பைப் புதையும் காடி (பள்ளம்) வெட்டி முடிந்து ஒட்டு வேலை தொடங்கியது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிளம்பர் கட்டரால் பைப்பை நேராக வெட்டுகிறார். உள் விளிம்பில் நிற்கும் பிசிறைக் கத்தியால் சுரண்டுகிறார், வெளி விளிம்பை லேசாகச் சரிக்கிறார். சரிக்காவிட்டால் கூர் விளிம்பு பசையை வழித்துக்கொண்டே உள்ளே போய்விடுமாம். பசையில்லாமல் ஒருமுறை நுழைத்துப் பார்க்கிறார். பாதி ஆழத்தில் இறுக வேண்டும். அடிவரை லொடலொடவென்று போனால் அந்த ஃபிட்டிங் வேண்டாம். பிறகு பைப்புக்குத் தாராளமாகவும் எல்போ என்ற வளைவுத் துண்டின் உள்ளே மெல்லிசாகவும் சால்வென்ட் சிமெண்ட், அதாவது அந்தப் பசை. நுழைத்து, கால் திருப்பு, அசையாமல் அரை நிமிடம் பிடி. பிடிக்காவிட்டால் பைப் தானாகவே வெளியே நழுவுகிறது, கண்ணால் பார்த்தேன். சுற்றிலும் மெல்லிய கோடு போலப் பசை பிதுங்கி நின்றால் சரி. உள்ளே குட்டையாகத் தேங்கினால் அது பைப்பையே இளக்கிவிடும்.

குழாய் மாட்டும் இடத்தில் எல்லாம் பித்தளை மரை வைத்த எல்போ. பிளாஸ்டிக் மரையில் ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது வெடிக்கும். மரைக்கு டெஃப்லான் டேப் மட்டும். எண்ணெய் கலந்த எந்தப் பசையும் சிபிவிசிக்கு ஆகாது, மெல்ல மெல்ல விரிசல் விடும். ஜன்னல் சட்டத்துக்கு அடிக்கிற நுரையையும் பைப் பக்கம் வரவிடக் கூடாது. தச்சரிடம் தனியாகச் சொல்லி வைத்தேன்.

பிப்ரவரி 6

ஹீட்டர் லைன். 6 மீட்டர் நேர் ஓட்டம். தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65க்குப் போனால் இந்த நீளத்துக்கு சிபிவிசி ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே நீளும். பிபிஆர் என்றால் அதைப் போல இரண்டு மடங்கு, செம்பு என்றால் நான்கு மில்லிமீட்டர் சொச்சம். நடுவில் ஒரு வளைவு கொடுத்து, கிளாம்ப்பை இறுகப் பிடிக்காமல் பைப் நகர இடம் விட்டிருக்கிறோம். ஹீட்டர் வாயில் நேராகப் பிளாஸ்டிக் இல்லை, உலோக ஃப்ளெக்சிபிள் குழாய்.

சோலார் ஹீட்டர் பின்னால் வைக்கலாம் என்று ஒரு எண்ணம். வெயிலில் யாரும் பயன்படுத்தாமல் கிடந்தால் அதில் தண்ணீர் கொதிநிலைக்கே போகலாம், அங்கே சிபிவிசி நிற்காது. அந்த லைன் உலோகம்தான், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 9

கழிவுநீர்ப் பைப். கழிப்பறைக்கு 110 மில்லிமீட்டர், மற்றவற்றுக்கு 75. இதில் பொருளைவிட வாட்டம்தான் எல்லாம். ஏறத்தாழ 50க்கு 1 சரிவு. திரும்பும் இடத்தில் ஒரே 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45. காற்றுக் குழாய் கூரைக்கு மேல் போகிறது. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

பிப்ரவரி 14

பிரஷர் டெஸ்ட். எல்லா முனைகளையும் அடைத்து, உயரமான முனையில் காற்றை வெளியேற்றி, கைப் பம்ப்பில் ஏற்றினோம். கம்ப்ரசர் காற்றில் செய்யலாமா என்று உதவியாள் கேட்டான். கூடவே கூடாது. பிளாஸ்டிக் பைப் காற்றழுத்தத்தில் உடைந்தால் துண்டு துண்டாகப் பறக்கும்.

வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு. முதலில் கேஜின் (அழுத்தமானி) முள் லேசாக இறங்கியது, பைப் விரிவதால் அப்படித்தான் என்றார். மறுபடி ஏற்றினோம். மறுபடியும் இறங்கியது. இரண்டாவது குளியலறையில் ஓர் எல்போ ஈரம். பசையே தடவாமல் வெறுமனே நுழைத்து வைத்த இணைப்பு! தொட்டித் தண்ணீருக்கு அது கசியாமல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். பிளம்பர் உதவியாளை ஒரு பார்வை பார்த்தார். வெட்டி எடுத்து, புது எல்போவும் இரண்டு கப்ளரும் (நேர் இணைப்புத் துண்டு) போட்டு ஒட்டினார். ஒட்டு காய்ந்த பிறகு நாளைக்கு மறுபடி டெஸ்ட்.

பிப்ரவரி 15

முள் அசையவில்லை.

பிப்ரவரி 16

பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவை ஒட்டிப் பிடித்துப் படம் எடுத்தாயிற்று. தரையிலிருந்து எத்தனை உயரம், மூலையிலிருந்து எத்தனை தூரம் என்று படத்திலேயே தெரியும். நாளைக்கு டவல் கம்பி மாட்ட வருகிறவர் துளை போடும் முன் இதைப் பார்க்கட்டும். ஒவ்வொரு குளியலறைக்கும் தனி பால் வால்வு (தண்ணீரை அடைக்கும் திருகு) இருக்கிறதா என்றும் பார்த்தேன், இருக்கிறது. பூச்சு முடியும் வரை லைனில் தண்ணீரை அழுத்தத்தோடு விட்டு, கேஜையும் மாட்டியே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். கொத்தனார் ஆணி பைப்பில் இறங்கினால் முள் அப்போதே சொல்லிவிடும்.